முகப்பில் வாசிக்க எந்த நூல்? உளச்சிகிச்சை பற்றிய ஐந்து புத்தகங்களும் ஒரு தேர்வும்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முகப்பில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இப்போது பதினோரு பேர் இருக்கிறோம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் இருவர், மருந்துக்கடை நடத்துபவர் ஒருவர், பள்ளி ஆசிரியைகள் மூவர், அழகப்பா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் மாணவியர் இருவர், கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுக்கும் தம்பி ஒருவர், தமிழ் நடத்தி ஓய்வுபெற்ற நான், எண்பத்தேழு வயதான வீட்டுக்கார ஆச்சி. கம்பனும் சிலம்பும் சிறுகதைகளுமாகப் பல ஆண்டுகள் ஓடியபின், மனத்தைப் பற்றிய நூல் ஒன்றை ஆறு மாதத்திற்கு எடுத்துக்கொள்வது என்று சித்திரையில் முடிவாயிற்று. கையிருப்பு நாலாயிரம் ரூபாய். எந்த நூல் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இரவல் வாங்கி ஐந்து நூல்களைப் படித்து, ஒவ்வொன்றிலும் சில பக்கங்களை வட்டத்தில் சோதனையாக வாசித்துப் பார்த்தபின் எழுதுவது இது.

எங்கள் வாசிப்பு முறையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் தேர்வு அதைப் பொறுத்தே அமைகிறது. ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசிப்பார், மாணவியரில் ஒருவர் அதை உடனுக்குடன் தமிழில் சொல்வார், பிறகு பேச்சு. ஆகவே வாய்மொழியில் சிதையாத நூல் வேண்டும். இன்னொன்று, இங்கே கூடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர் அல்லர். யார் வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை, யார் பிள்ளைவிட்டு, அதாவது தத்தாக, வேறு வீட்டுக்குப் போனவர், யாருடைய மகள் எந்த ஊரில் சொல்லாமல் திருமணம் செய்துகொண்டார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத செய்திகள். நகரத்து அறையில் தனியே அமர்ந்து படிப்பவருக்காக எழுதப்பட்ட பக்கம், இப்படிப்பட்ட கூட்டத்தில் வேறு குரலில் ஒலிக்கும்.

இந்த ஐந்துக்கு வெளியே சிலவற்றை அதிக யோசனையின்றி ஒதுக்கினேன். பேச்சின் வழியே மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டையே நேராகப் படிக்கலாமே என்று மருந்துக்கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சியின் பழைய ஆங்கிலப் பதிப்பை மார்க் சோம்ஸ் திருத்தி 2024இல் 24 தொகுதிகளாகக் கொண்டுவந்திருக்கிறார். அது பல்கலைக்கழக நூலகம் வாங்க வேண்டிய சரக்கு, நாலாயிரம் ரூபாய்க்காரர்கள் ஏறிட்டுப் பார்க்கக் கூடாதது. உளப்பகுப்பாய்வாளர் ஆடம் ஃபிலிப்ஸின் 'ஆன் கிவிங் அப்' (2024) அழகாக எழுதப்பட்ட நூல். ஆனால் அவருடைய வாக்கியங்கள் ஒன்றைச் சொல்லி, பாதி வழியில் அதையே சந்தேகித்துத் திரும்புகிறவை, தமிழில் சொல்ல முயன்ற மாணவி மூன்றாவது பத்தியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மனநல மருத்துவர் இர்வின் யாலோமும் அவர் மனைவி மேரிலினும் மாறி மாறி அத்தியாயங்கள் எழுதி, 2019இல் மேரிலின் இறந்தபின் யாலோம் தனியாக எழுதி முடித்து, 2021இல் வெளியான 'எ மேட்டர் ஆஃப் டெத் அண்ட் லைஃப்' நூலை, துணையை இழந்த இருவருக்கு இரவலாகக் கொடுத்திருக்கிறேன். அதைத் தனியே படிப்பதே முறை. தமிழில் இல்லையா என்றால், தி. கு. இரவிச்சந்திரன் ஃப்ராய்டையும் அவருக்குப் பின் வந்த யூங்கையும் லக்கானையும் விரிவாகவே அறிமுகம் செய்திருக்கிறார், கருத்துகளைக் கற்க விரும்புகிறவர் அங்கேதான் போக வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது, ஒருவர் பேச இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கும் அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காட்டும் நூல்.

ஐந்தில் அதிகம் விற்றது பெஸல் வான் டெர் கோல்க்கின் 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்' (2014). 1978இல் பாஸ்டனில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களைப் பார்க்கத் தொடங்கிய மனநல மருத்துவர், அதிர்ச்சி என்பது நினைவில் மட்டுமல்லாமல் மூளையிலும் தசையிலும் மூச்சிலும் தங்கிவிடுகிறது என்று வாதிட்டு, கண்ணசைவுச் சிகிச்சை, யோகா, நாடகம் என்று பல வழிகளைப் பரிந்துரைக்கிறார். அவர் சொல்லும் சிலவற்றுக்கு, குறிப்பாக மறைந்து கிடந்து மீளும் நினைவுகள் பற்றிய பகுதிக்கு, சான்று போதாது என்று துறைக்குள்ளேயே எதிர்ப்பு இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் இந்த நூலின் பக்கம்தான் நின்றார். என் தயக்கம் வேறு. மனத்துயரை உடம்பின் மொழியில் சொல்வது எங்கள் ஊரில் புதுச் செய்தியே அல்ல. நெஞ்சை அடைக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தலை பாரமாக இருக்கிறது என்றுதான் பாதிப்பேர் தங்கள் துக்கத்தைச் சொல்லவே தொடங்குகிறார்கள். அதோடு, குழந்தைகள்மேல் நடந்த வன்முறையை இந்நூல் விவரிக்கும் பக்கங்களைப் பயிற்சி பெற்ற ஒருவர் உடனில்லாத கூட்டத்தில் உரக்க வாசிப்பது, கேட்பவர்களில் யாருக்கு எதைக் கிளறும் என்று தெரியாமல் செய்கிற காரியம். புத்தகம் சிகிச்சை ஆகாது. தாங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேச வழி இருக்கிறது. அந்த எண்ணை முகப்புத் தூணில் ஒட்டிவைத்ததோடு இந்த நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

லோரி காட்லிபின் 'மேபி யூ ஷுட் டாக் டு சம்வன்' (2019) சோதனை வாசிப்பில் எல்லோரையும் சிரிக்கவைத்த ஒரே நூல். லாஸ் ஏஞ்சல்ஸில் சிகிச்சை அளிக்கும் அவரே காதல் முறிந்து இன்னொரு சிகிச்சையாளரிடம் போய் அழுகிற கதையும், அவரிடம் வருகிற நால்வரின் கதையும் பின்னிப் பின்னி வருகின்றன: எல்லோரையும் முட்டாள் என்று திட்டும் தொலைக்காட்சித் தயாரிப்பாளர், புற்றுநோயோடு வாழ்கிற புதுமணப்பெண், எழுபதாவது பிறந்தநாளோடு வாழ்வை முடித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லும் மூதாட்டி, மதுவை விட முடியாத இளம்பெண். சிகிச்சையாளரும் மனிதர்தான் என்பதை இவ்வளவு எளிதாகச் சொன்ன நூல் வேறில்லை. ஆனால் காதலர் பிரிவதற்குச் சொல்லும் காரணம், இன்னும் பத்தாண்டுகள் ஒரு குழந்தையோடு ஒரே கூரையின் கீழ் வாழ விருப்பமில்லை என்பது. அதைத் தமிழில் சொன்னதும் ஆச்சி, "ஒரு பிள்ளைக்கா இந்தப் பாடு? இந்த வளவுல ஒரே நேரத்துல பதினாலு பிள்ளைக கிடந்துச்சு தம்பி" என்றார்; வளவு என்பது வீட்டின் உள்முற்றம். அதன்பின் அரைமணி நேரம் நாங்கள் அந்தப் பெண்ணின் துயரத்தைப் பேசவில்லை, அமெரிக்கர்களின் வீட்டைப் பேசினோம். நானூறு பக்கங்களுக்கு மேல் நீளும் நூலை ஆறு மாதத்தில் முடிப்பதும் நடவாது. பயணத்தில் படிக்க ஏற்ற நூல் என்று ஆசிரியைகளிடம் கொடுத்தேன்; மூன்று பேரும் முடித்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்திருந்ததும் கடைசியில் நானே வேண்டாம் என்றதும் கலிட் அட்லஸின் 'எமோஷனல் இன்ஹெரிட்டன்ஸ்' (2022). நியூயார்க்கில் பணிபுரியும் உளப்பகுப்பாய்வாளரான அவர், பாட்டன் பாட்டியர் பேசாமல் விட்ட துயரம் பேரப்பிள்ளைகளின் உறக்கத்திலும் அச்சத்திலும் திருமணத்திலும் எப்படித் தலைகாட்டுகிறது என்பதைத் தம்மிடம் வந்தவர்களின் கதைகள் வழியே சொல்கிறார். செட்டிநாட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிற யாருக்கும் பர்மா நினைவுக்கு வராமல் போகாது. கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன ஆண்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பிய வழக்கம், 1930களின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது, 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது, பிறகு அத்தனையும் போனது: எண்களாக இவையெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த இழப்பைச் சுமந்து வந்தவர்கள் வீட்டுக்குள் எப்படி இருந்தார்கள் என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறாத கணக்கு.

அட்லஸின் ஒரு பகுதியை வாசித்த அன்று ஆச்சி தம் அப்பச்சியை, அதாவது தந்தையை, பற்றிச் சொன்னார். 1942இல் ஆச்சிக்கு நான்கு வயது. அப்பச்சி மணிப்பூர் வழியாக நடந்து வந்து சேர்ந்தார் என்பது மட்டும் வீட்டில் தெரியும். வழியில் என்ன நடந்தது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. 1971இல் இறக்கும்வரை, தேக்குக் கட்டிலும் இரும்புப் பெட்டியும் இருந்த அந்த வீட்டில், தலைமாட்டில் ஒரு துணிமூட்டை வைத்துக்கொண்டுதான் அவர் படுத்தார். காரியம் முடிந்தபின் அவிழ்த்துப் பார்த்தபோது இரண்டு வேட்டி, ஒரு தீப்பெட்டி, காகிதத்தில் பொதிந்த உப்பு. தீப்பெட்டி மட்டும் புதிதாக இருந்ததாம், அவ்வப்போது மாற்றி வைத்திருக்கிறார். முகப்பில் யாரும் சற்று நேரம் பேசவில்லை.

அட்லஸின் நூல் அன்றே வென்றிருக்க வேண்டும். ஆனால் அடுத்த நிமிடம் எங்களில் ஒருவர், "இதைத்தான் நம்ம பக்கம் பித்ரு தோஷம்னு சொல்றாங்க, பரிகாரம் செஞ்சிருக்கணும்" என்றார்; இன்னொருவர் குலதெய்வக் குறை என்றார்; மூன்றாமவர் தம் மருமகனின் கோபத்துக்கும் இப்படி ஏதாவது இருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கினார். எனக்கு விளங்கிய இடம் அதுதான். தன்னைத் தானே செதுக்கிக்கொண்டதாக நம்பும் நியூயார்க் வாசகருக்கு, உன் துயரம் உன்னிடமிருந்து தொடங்கவில்லை என்பது மூச்சுவிடச் செய்யும் செய்தி. முன்னோருக்கு ஆண்டுதோறும் படைப்பு இட்டு, அவர்களின் பேரால் வேட்டியும் சேலையும் பேழையில் வைத்துக் கும்பிடுகிற ஊரில், நல்லது கெட்டது இரண்டுக்கும் முன்னோரையே காரணம் காட்டிப் பழகிய காதுகளுக்கு, அதே செய்தி பழைய பூட்டுக்கு இன்னொரு சாவிபோல ஒலிக்கிறது; பூட்டு திறக்கவில்லை, இறுகுகிறது. அட்லஸ் அப்படிச் சொல்லவில்லை, பேசப்படாததைப் பேசுவதே விடுதலை என்பதுதான் அவர் வாதம். ஆனாலும் அவர் நூலில் கதைகள் பொருந்துகிற வேகம் எனக்கு நெருடியது, ரகசியம் வெளியானதும் நோய்க்குறி தன் காரணத்தைக் கண்டுகொள்கிறது. ஆச்சியே அன்று சொன்னார்: "மூட்டை அப்பச்சியோடது. என் பயத்தை அதுல வச்சுக் கட்டாதீக."

சுதிர் கக்கரின் 'தி இந்தியன் ஜங்கிள்' (2024) இந்த ஐந்தில் தனித்து நிற்பது. பொறியியல் படித்து, உளப்பகுப்பாய்வாளர் எரிக் எரிக்சனைச் சந்தித்த பின் வாழ்க்கைத் திசை மாறி, ஃப்ராங்க்ஃபர்ட்டில் உளப்பகுப்பாய்வு பயின்று தில்லியில் தொழில் செய்தவர். 2024 ஏப்ரலில் காலமானார். நூலின் தலைப்பு ஃப்ராய்டின் வாயிலிருந்து வந்தது: பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலாந்துக்கு 1930இல் எழுதிய கடிதத்தில், இதுவரை தள்ளிநின்ற இந்தியக் காட்டுக்குள் உங்கள் துணையோடு நுழைந்து பார்க்கிறேன் என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். காட்டுக்குள் இருந்தவர்களோ அதற்கு முன்பே எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, ஃப்ராய்டோடு கடிதத்தில் வாதாடி, இந்திய நோயாளிகளிடம் தாம் காணும் ஆசைகள் வியன்னாவில் காண்பவற்றைப் போல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஃப்ராய்டின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் ஒரு விஷ்ணு சிலை போனது.

கக்கரின் வாதத்தின் சாரம், உளப்பகுப்பாய்வு தன் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பிட்ட மேற்கத்திய நடுத்தர வர்க்க மனிதரை உலக மனிதராக எடுத்துக்கொண்டுவிட்டது என்பது. இங்கே சிகிச்சையாளரிடம் வருகிறவர் அவரைக் குருவாகப் பார்க்கிறார், அவர் மௌனமாக இருந்தால் கைவிடப்பட்டதாக உணர்கிறார். 'நான்' என்று சொல்லும்போதே அதற்குள் பாதி குடும்பம் இருக்கிறது. இதை வாசித்தபோது எங்கள் வட்டத்தில் யாரும் விளக்கம் கேட்கவில்லை. பிள்ளையாரும் முருகனும் உலகைச் சுற்றிவரப் போட்டியிட்ட கதையைக் கக்கர் தம் எழுத்தில் எடுத்தாண்டிருக்கிறார்: விலகிப் போய்த் தன் காலில் நிற்கும் ஆசை ஒருபக்கம், தாயின் காலடியை விட்டு நகராத சுகம் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே இந்திய ஆண் இழுபடுகிறான் என்பது அவர் வாசிப்பு. ஒருபக்கம் பிள்ளையார்பட்டி, அருகிலேயே குன்றக்குடி என்றிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது சுவையாக இருக்காதா? தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிற சமையல் தம்பி, கோபித்துக்கொண்டு போனவனைப் பார்க்கத்தான் இத்தனை பேர் நடக்கிறார்கள், வீட்டிலேயே இருந்தவனைப் பார்க்கக் காரில் போய்விடலாம் என்று சொன்னது கக்கரிடமே சொல்லத் தக்கது.

ஆயினும் இரண்டு குறைகள். ஒன்று, கக்கரின் இந்தியா பெரும்பாலும் வடக்கத்திய நகரத்து இந்தியா. எங்கள் பக்கம் மணமான கையோடு மகனுக்கு அதே வீட்டுக்குள் தனி அடுப்பு கொடுத்து வேறு வைக்கும் வழக்கத்தை அவருடைய கூட்டுக்குடும்பச் சித்திரத்தில் எங்கே பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே கூரை, தனிச் சமையல், தனிக் கணக்கு என்பது ஒட்டுதலும் அல்ல, விலகலும் அல்ல. மற்றொன்று, இது கட்டுரை நூல். வாதம் இருக்கிறது, அறை இல்லை. பேசுகிறவரின் குரல் இரண்டு பத்திகளுக்கு வந்து மறைந்துவிடுகிறது.

ஸ்டீபன் க்ரோஸின் 'தி எக்ஸாமின்ட் லைஃப்' (2013) ஐந்தில் பழையது, மெலிந்ததும்கூட. லண்டனில் உளப்பகுப்பாய்வாளராக இருபத்தைந்து ஆண்டுகள், ஐம்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல் பிறர் பேசக் கேட்டவர், அதிலிருந்து முப்பத்தொரு சிறு அத்தியாயங்களை மட்டும் எழுதியிருக்கிறார். அவரிடம் வருகிறவர்கள் வாரத்துக்கு நான்கைந்து நாள், நாளுக்கு ஐம்பது நிமிடம் என்று ஆண்டுக்கணக்கில் வருகிறவர்கள். அந்தக் கணக்கைக் கேட்டதும் வங்கிக்காரர் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், சரிதான். இந்தச் சிகிச்சை எங்கள் ஊருக்கு வரப்போவதில்லை. ஆனால் நூலில் கலைச்சொல் அநேகமாக இல்லை. ஒவ்வொரு கதையும் ஒரே அமர்வில் முடிகிறது. தமிழில் சொன்ன மாணவிக்கு எங்கும் நா தடுக்கவில்லை. அதைவிட முக்கியம், க்ரோஸ் தவறாகப் புரிந்துகொள்கிற இடங்களை மறைப்பதில்லை. முதல் கதையிலேயே ஒருவர் சிகிச்சையை நிறுத்திப் போகிறார், அவர் இறந்துவிட்டதாகக் கடிதம் வருகிறது, சில மாதங்கள் கழித்து அந்த மனிதரே தொலைபேசியில் அழைக்கிறார். க்ரோஸ் அதிர்ந்து நிற்கிறார், நாமும்தான்.

புத்திமதி இல்லாத நூல் இது. எங்கள் பக்கம் துக்கத்தோடு ஒருவர் வாய் திறந்தால், இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் மூன்று பேர் மூன்று வழி சொல்வார்கள், அதில் ஒன்று கோயில், ஒன்று சமரசம், ஒன்று மூலிகை. அன்பினால்தான் சொல்கிறார்கள், குறை சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதும் ஒரு செயல் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிற நூல் இந்தக் கூட்டத்துக்கு வேண்டும் என்று எனக்குப் பட்டது. குழந்தைகளைப் புகழ்வது பற்றிய அத்தியாயத்தில் அவர் ஆராய்ச்சியைத் துணைக்கு அழைக்கிறார்: 1998இல் வெளியான ஆய்வொன்றில் பத்துப் பதினோரு வயதுக் குழந்தைகள் 128 பேரில், புத்திசாலி என்று புகழப்பட்டவர்களைவிட முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களே அடுத்த கடினமான கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். நூற்றுக்கு நூறு வாங்கிய முகங்களைச் சாலை முழுக்கப் பதாகையில் தொங்கவிடும் ஊரில் பாடம் நடத்துகிற எங்கள் ஆசிரியைகள் இதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் தங்களுக்குள் சண்டையிட்டார்கள். வேறு எந்த நூலும் அப்படிச் சண்டை மூட்டவில்லை.

ஆகவே என் பரிந்துரையை வட்டம் ஏற்றுக்கொண்டது: க்ரோஸின் நூலில் நான்கு பிரதிகள். கக்கரை இரவல் பிரதியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கட்டுரையை மாணவி சுருக்கிச் சொல்வார், லண்டன் அறையில் கேட்டதை எங்கள் ஊர்க் கண்ணால் கேள்வி கேட்க அது உதவும். அட்லஸை ஆச்சி தனியே வாங்கி வைத்துக்கொண்டார், பேத்தி வந்தால் வாசித்துக் காட்டச் சொல்லப் போகிறாராம்.

எந்த அத்தியாயத்தில் தொடங்குவது என்பதில்தான் சிறு இழுபறி. இறந்ததாகக் கடிதம் வரும் முதல் கதை முதல் மாதத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, நான் வேறொன்றை எடுத்தேன். யூதரல்லாத ஒருவரை மணந்ததற்காக மகளோடு பதினாறு ஆண்டுகள் பேசாமல் இருந்த தந்தை, தம் அலுவலக வரவேற்பாளரான கத்தோலிக்கப் பெண்ணோடு பல ஆண்டுகள் உறவில் இருந்தவர் என்று பின்னால் தெரியவருகிற கதை. தன்னிடம் இருப்பதைப் பிரித்தெடுத்து இன்னொருவர்மேல் வைத்து வெறுப்பதைப் பற்றியது. மகளோடு பேசாத இருவர் எங்கள் வட்டத்தில் உண்டு. க்ரோஸ் யாரையும் சுட்டிக் குறை சொல்லாததால் இருவரும் தயக்கமின்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். அத்தியாயத்தின் தலைப்பு, 'தி பிக்கர் தி ஃப்ரண்ட்'. முன்பக்கம் எவ்வளவு பெரிதோ பின்பக்கமும் அவ்வளவு பெரிது என்ற முழு வாக்கியத்தின் முதல் பாதி அது. மாணவி 'முன்புறம்' என்று போட்டுப் பார்த்தார், 'வெளித்தோற்றம்' என்று மாற்றினார், இரண்டும் அவருக்கே பிடிக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து உள்ளே வளவையும் இரண்டாம் கட்டையும் தாண்டி, அடுத்த தெருவில் திறக்கிற கொல்லைக் கதவுவரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு ஆச்சி சொன்னார்: "முகப்பு பெருசுன்னா பின்கட்டும் பெருசுதான். இதுக்குப் போயி என்ன யோசனை?" மாணவி பென்சிலால் அதையே எழுதிக்கொண்டார்.